சீரொளிக்குச் சொல் உண்டு, சோறு உண்டா?

ஒரு மொழியில் ஓர் அறிவுத்துறை வாழ்கின்றதா என்று அறிய, அகரமுதலியைப் புரட்டிப் பார்த்தல் மட்டும் போதாது. அத்துறையில் உழைத்து, அவ்வுழைப்பால் உண்டு உடுத்து, மனைவி மக்களைக் காப்போர் அம்மொழியாருள் எத்துணைப் பேர்? அவர்தம் பணியிடத்தில் அம்மொழிக்கு இடம் உண்டா? இவ்விரு வினாக்களுக்கும் விடை கண்ட பின்னரே, அத்துறை அம்மொழியில் வாழ்கின்றது என்றோ பட்டியலில் உறங்குகின்றது என்றோ சொல்லுதல் முறையாகும்.

ஒளியியலும், ஆங்கிலத்தார் லேசர் என வழங்கும் சீரொளியைக் கொண்டு செய்யும் ஆய்வுகளும் இன்று உலகப் பல்கலைக்கழகங்களிற் பெரும்பணித் துறைகளாக வளர்ந்துள்ளன. கண் மருத்துவம், கடலடியிற் செல்லும் ஒளியிழை, அணுக்களைத் தளைத்து நிறுத்தும் நுண்ணாய்வு என அவற்றின் எல்லை விரிந்துகொண்டே செல்கின்றது. 2018 ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசும் 2023 ஆம் ஆண்டின் பரிசும் சீரொளி ஆய்வாளர்க்கே வழங்கப்பட்டன. இத்துறைக்குத் தமிழிற் சொல் இல்லை என்று இன்று எவரும் சொல்லவியலாது. சொல் உண்டு. அச்சொல்லைக் கொண்டு ஒரு தமிழ் இளைஞன் பிழைப்பதற்குப் பணி உண்டா என்பதே இக்கட்டுரையின் வினா.

சீர் என்னும் சொல்

முதலிற் சொல்லின் பொருத்தத்தைக் காண்போம். விளக்கின் ஒளியில் பல நிறங்கள் கலந்திருக்கும். அதன் அலைகள் ஒன்றோடொன்று இசையாமல் சந்தைக் கூட்டம் போற் பல திக்கிலும் சிதறும். சீரொளியின் அலைகளோ ஒரே நீளத்தன. ஒரே திசையில், ஒன்றன் ஏற்றத்தோடு மற்றொன்றன் ஏற்றம் பொருந்தச் செல்வன. 1917 இல் ஐன்சுட்டைன் இதற்கு அடிப்படை கண்டார். ஆற்றல் ஏற்றப்பெற்ற ஓர் அணுவின் மேல் அதற்கொத்த ஒளி பட்டால், அவ்வணுவும் அதேபோன்ற ஒளியை அதே நடையில் வெளிவிடும். ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க மற்றவர் அதே சீரிற் தொடர்ந்து பாடுவது போன்றது இது. 1960 மே 16 ஆம் நாள் அமெரிக்காவில் மெய்மன் என்பார் மாணிக்கக் கல்லால் ஆன சிறு தண்டைக் கொண்டு முதற் சீரொளியை எழுப்பிக் காட்டினார்.

யாப்பிற் சீர் என்பது அளவொத்த நடை. அலைகள் அளவொத்து நடக்கும் ஒளி சீரொளி. ஆங்கிலச் சொல்லோ ஐந்து சொற்களின் முதலெழுத்துகளை ஒட்டிச் செய்தது, விளக்காமல் விளங்காதது. தமிழ்ச்சொல்லைக் கேட்ட மாணவன் பொருளின் பாதியைச் சொல்லிலேயே பெற்றுவிடுகின்றான். ஆயினும் இச்சொல் எங்கே வழங்குகின்றது? நம் இதழ்களிலும் கலைச்சொல் தொகுதிகளிலும் வழங்குகின்றது. சீரொளி எழுப்பும் கருவி நிற்கும் அறையில் வழங்கவில்லை. அவ்வறையில் வேலை பார்ப்பவன் தமிழனாகவே இருப்பினும், அவனைத் தேர்ந்தெடுத்த தேர்வு தமிழில் இல்லை. அவன் எழுதும் ஆய்வேடு தமிழில் இல்லை. அவன் பணி உயர்வுக்குத் தமிழால் ஒரு மதிப்பெண்ணும் இல்லை. பணியில்லாத சொல், தறியேறாத பாவு. எத்துணை நேர்த்தியாகத் தோய்த்து உலர்த்தினும் அது சேலையாகாது.

கல்வெட்டு காட்டும் உண்மை

அறிவு நிலைபெறுவது பணியாலும் படியாலுமே என்பதற்குக் காஞ்சியைச் சூழ்ந்த ஊர்களிலேயே சான்று உண்டு. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில் உள்ளது திருமுக்கூடல். அங்குள்ள திருமால் கோவிலில், 11 ஆம் நூற்றாண்டில் ஆண்ட வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டொன்று உள்ளது. 15 படுக்கை கொண்ட மருத்துவசாலை, அதில் மருத்துவர், அறுவை செய்வார், மூலிகை கொணர்வார், நோயாளரைப் பேணுவார், இவரொடு கற்பிக்கும் ஆசிரியர், கற்கும் மாணவர் என ஒவ்வொருவர்க்கும் அளிக்க வேண்டியவற்றை அக்கல்வெட்டு வகுத்துரைக்கின்றது. யார்க்கு எவ்வளவு என்று கல்லிற் பொறித்தமையால் அப்பணிகள் ஒரு மன்னனின் மனநிலையைப் பொறுத்து நிற்கவில்லை. ஊர் அறிந்த உரிமையாக நின்றன.

அக்கல்வெட்டில் நாம் வருந்தி நோக்க வேண்டிய செய்தியும் ஒன்று உண்டு. பொறித்த மொழி தமிழ். ஆனால் அங்கே படி அளந்து கற்பிக்கப்பட்டவை ஆரிய மறைகளும் வடமொழி இலக்கணமும் ஆம். விளைந்த நெல் தமிழ் உழவனுடையது; அளந்த கை தமிழரசனுடையது; வளர்ந்த கல்வி வடமொழியினது. காஞ்சியிற் புகழுடன் விளங்கிய கடிகையும் வடமொழிக் கல்விக்கே பேர்போனது. வடமொழி இந்நாட்டிற் பல நூற்றாண்டுகள் அறிவுமொழியாக வீற்றிருந்தமைக்கு அதன் சொல்வளம் மட்டுமே கரணியமன்று. அதைக் கற்றவனுக்கு நிலமும் நெல்லும் உறுதியாகக் கிடைத்தன. இன்று அவ்விடத்தில் ஆங்கிலம் அமர்ந்திருப்பதற்கும் இதுவே கரணியம். வரலாற்றின் இப்பாடத்தை மறந்து, சொல்லாக்கம் ஒன்றினாலேயே தமிழை அறிவியல் அரியணையில் ஏற்றிவிடலாம் என்று கருதுதல் பேதைமை.

இராமன் கல்கத்தா சென்றது ஏன்?

ஒளியியலில் தமிழகம் தந்த பெரும்பெயர் சந்திரசேகர வேங்கட இராமன். 1888 இல் திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவிற் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்றார். மாணவராக இருந்தபோதே ஒளியின் விளிம்பு வளைவு பற்றி அவர் எழுதிய கட்டுரை 1906 இல் இலண்டன் இதழொன்றில் வெளிவந்தது. அஃதாவது, ஒளியியலில் உலகத் தரமான ஆய்வு சென்னையில் ஒரு மாணவரின் கையிலேயே பிறந்துவிட்டது. அடுத்த ஆண்டு முதுகலைப் பட்டம் பெற்ற அவர்க்குச் சென்னையில் ஆய்வுப் பணி கிட்டவில்லை. ஆங்கில அரசின் கணக்குத்துறைத் தேர்வெழுதி, 1907 இற் கல்கத்தாவுக்குக் கணக்கு அலுவலராகச் சென்றார்.

கல்கத்தாவில், மகேந்திரலால் சர்க்கார் என்னும் மருத்துவர் முயன்று 1876 இல் நிறுவிய அறிவியல் வளர்ப்புக் கழகம் இருந்தது. வங்காளச் செல்வர் பலர் பொருளுதவ எழுந்தது அது. இராமன் அலுவலகத்திற்கு முன்னும் பின்னும் அங்குச் சென்று ஆய்ந்தார். கல்கத்தாப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் அசுதோசு முகர்சி அவரைக் கண்டுகொண்டார். தாரகநாத் பாலித் என்னும் வழக்கறிஞர் வழங்கிய பெருங்கொடையால் அமைந்த பேராசிரியப் பணியை 1917 இல் இராமன் ஏற்றார். கணக்குப் பணியில் கிடைத்ததிலும் குறைந்த ஊதியமே ஆயினும் அது ஆய்வுக்குரிய நிலையான பணி. பதினோராண்டு கழித்து, 1928 பிப்பிரவரி 28 ஆம் நாள், இன்று உலகெங்கும் இராமன் விளைவு என வழங்கும் உண்மை வெளிப்பட்டது. 1930 இல் நோபல் பரிசு வந்தது.

அவ்வாய்வில் அவரோடு தோள்கொடுத்தவர் கரியமாணிக்கம் சீனிவாச கிருட்டிணன். 1898 இல் திருவில்லிபுத்தூர்ப் பக்கத்து வத்திராயிருப்பிற் பிறந்தவர். மதுரையிலும் சென்னையிலும் பயின்றவர். அவரும் 1920 இற் கல்கத்தாவுக்கே சென்றார். பின்னர் டாக்கா, அலகாபாத்து, தில்லி என அவர் பணிபுரிந்த ஊர்களை எண்ணிப் பாருங்கள். பிறந்த மண் தமிழ் மண். பணி தந்த மண் பிறிது.

இராமன் தமிழை வளர்த்தார் என்று யாம் சொல்ல வரவில்லை. தமிழகத்திற் பிறந்த ஆற்றல் எங்கே சென்று விளைந்தது, ஏன் அங்கே விளைந்தது என்பதையே சுட்டுகின்றோம். வங்காளத்தில் ஒரு மருத்துவரும் ஒரு வழக்கறிஞரும் ஒரு துணைவேந்தரும் சேர்ந்து ஓர் ஆய்வுப் பணியிடத்தை உண்டாக்கினர். அற்றைச் சென்னையில் அப்படி ஒரு பணியிடத்தை உண்டாக்குவார் இலர்.

உண்டாக்கியபோது என்ன நிகழ்ந்தது என்பதற்கும் சென்னையிலேயே சான்று உள்ளது. இராமனிடம் ஒளியியலும் படிகவியலும் பயின்ற கோ. நா. இராமச்சந்திரன், துணைவேந்தர் ஆ. இலக்குமணசாமி முதலியார் காலத்தில், 1952 இற் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவராக வந்தார். அடையாற்றில் இருந்த தோல் ஆய்வகத்திலிருந்து கிடைத்த பொருளை ஊடுகதிரால் ஆய்ந்து, தோலுக்கும் எலும்புக்கும் வலிவு தரும் கொல்லாசன் என்னும் புரதத்தின் முப்புரி வடிவத்தை 1954 இல் வெளியிட்டார். 1963 இல் அவர் குழு வெளியிட்ட புரத வடிவ வரைபடம் இன்றும் உலகெங்கும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. சென்னையின் காற்றிலோ நீரிலோ குறையில்லை. பணி இருந்தது; ஆகலின் ஆய்வு விளைந்தது.

இற்றை நிலை

இன்று கருவிகளுக்குப் பஞ்சமில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்திற்குச் சேக்கிழார் வளாகம் என்று பெயர். அங்கே, ஒரு நொடியைக் கோடி கோடியாகப் பகுத்த நுண்பொழுதில் மூலக்கூறுகளில் நிகழும் மாற்றங்களைச் சீரொளித் துடிப்புகளாற் காணும் நாட்டளாவிய ஆய்வு நடுவம் உள்ளது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலும், 2019 வரை நம் காஞ்சி மாவட்டத்தில் இருந்த கல்பாக்கத்து அணு ஆய்வு நடுவத்திலும் சீரொளிக் கருவிகள் உள்ளன. நடுவண் அரசு 2023 இல் 6003.65 கோடி உருவாவில் குவாண்டம் ஆய்வுத் திட்டத்திற்கு ஒப்புதல் தந்தது. அதன் செய்தித்தொடர்புப் பிரிவுக்குரிய நடுவம் 2024 இற் சென்னைத் தொழில்நுட்பக் கழகத்திற்கு வழங்கப்பட்டது. ஒளித்துகளைக் கொண்டு மறைசெய்தி அனுப்பும் ஆய்வு அது.

ஆனால் மாநிலப் பல்கலைக்கழகத்து இளைஞன் ஏறவேண்டிய ஏணியைப் பாருங்கள். திட்ட உதவியாளன் என்பது முதற்படி. திட்டம் முடிந்தால் பணி முடியும். அடுத்து இளநிலை ஆய்வாளன், முதுநிலை ஆய்வாளன். 2023 சனவரி முதல் இவர்க்கு நடுவண் அரசின் நல்கை திங்களுக்கு 37,000 உருவா, 42,000 உருவா என உயர்த்தப்பட்டது. இரண்டும் சேர்ந்து ஐந்தாண்டுக்கே உரியது. அதன்பின் முனைவர்ப் பட்டம். பட்டத்தின்பின் வெளிநாடு, அல்லது மணிக்கணக்குக் கூலிக்கு விரிவுரை. நிலையான உதவிப் பேராசிரியப் பணி என்பது பலர் நரைகண்ட பின்னும் காணாத கனவு. 2024 இல் வருமான வரித்துறை சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளையே முடக்கிய செய்தியை நாளிதழ்களிற் படித்தோம். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் வாழும் பல்கலைக்கழகத்தின் நிலை இதுவாயின், அதன் ஆய்வகத்து இளைஞனின் நிலை யாது?

இனி, அந்நல்கைக்கு வாயிலாகிய தகுதித்தேர்வைக் கருதுக. அறிவியல் பாடங்களுக்கு அதன் வினாத்தாள் இரு மொழிகளில் அமைகின்றது. ஒன்று ஆங்கிலம், மற்றொன்று இந்தி. இந்தி பேசும் நாட்டு மாணவன் ஒளியின் விளிம்பு வளைவை வினவும் வினாவைத் தன் தாய்மொழியிற் படித்துப் பார்க்கலாம். காஞ்சி மாணவன் படித்துப் பார்க்க இயலாது. வரிப்பணம் இருவருடையது, வாயில் ஒருவனுக்கு அகலம், மற்றவனுக்குக் குறுகல். இதனை இந்தித் திணிப்பு என்று சொன்னாற் சிலர் முகஞ்சுளிப்பர். வேறு எப்பெயர் இட்டு அழைப்பது என்று அவர்களே கூறட்டும்.

தமிழக அரசு 2010 இல் ஒரு சட்டம் இயற்றியது. தமிழ்வழி பயின்றோர்க்கு மாநில அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை தருவது அது. நற்சட்டமே, வரவேற்போம். ஆனால் முதுகலை இயற்பியலைத் தமிழிற் கற்பிக்கும் வகுப்பே அரிதாயிருக்கையில், ஆய்வும் பேராசிரியமும் ஆகிய மேற்பணிகளுக்கு அச்சட்டத்தின் கை எங்ஙனம் எட்டும்?

என்னிடம் தமிழ் பயின்ற நெசவாளர் வீட்டு மாணவன் ஒருவனைப் பற்றி இங்குச் சொல்லுதல் தகும். தறிக்குழியில் தந்தைக்கு எதிர்ப்பக்கம் அமர்ந்து கோர்வைக்கு நாடா கொடுத்து வளர்ந்தவன். இழையின் மென்மையைக் கண்ணால் அளக்கும் குடும்பத்தில் வந்தவன். இயற்பியலில் முதுகலை முடித்து, ஒரு பல்கலைக்கழகத்தில் சீரொளித் திட்டமொன்றில் உதவியாளனாகச் சேர்ந்தான். கண்ணாடி வில்லைகளையும் ஆடிகளையும் மயிரிழை பிசகாமல் நிறுத்தும் வேலையில் அவன் கை அங்கே பேர்பெற்றது. மூன்றாண்டில் திட்டம் முடிந்தது. அவன் பணியும் முடிந்தது. அவன் சென்றபின் அக்கருவியைச் செம்மையாக இயக்குவார் இன்றிச் சில திங்கள் துணி போர்த்தி வைத்திருந்தனர் என்று கேள்விப்பட்டேன். இன்று அவன் ஒரு துணி ஏற்றுமதி நிறுவனத்திற் கணக்கெழுதுகின்றான். இராமன் கணக்குப் பணியை விட்டு ஒளியியலுக்கு வந்தார். இவன் ஒளியியலை விட்டுக் கணக்குப் பணிக்குச் சென்றான். நூறாண்டு கழிந்தும் நாம் நடந்த திசை இதுதானா?

மற்றொன்றும் காண்க. கோடைக்கானல் மலையில் 1899 இல் தொடங்கிய கதிரவன் ஆய்வகம் உள்ளது. கதிரவக் கரும்புள்ளிகளில் வளிமம் பாய்தலை எவர்செடு என்னும் ஆங்கிலேயர் 1909 இல் கண்டது அங்கேதான். திருப்பத்தூர் மாவட்டத்துக் காவலூரில் 1986 முதல் 2.34 மீட்டர் ஆடி கொண்ட தொலைநோக்கி இயங்குகின்றது. மலை நம்முடையது, வானம் நம்முடையது. இரண்டையும் ஆளும் நிறுவனத்தின் தலைமையிடமோ பெங்களூரு. காஞ்சிபுரம் என்னும் பெயரைத் தாங்கி 2007 இல் நிறுவப்பட்ட நடுவண் அரசின் தகவல் தொழில்நுட்ப வடிவமைப்புக் கழகமும் காஞ்சியில் இல்லை. வண்டலூருக்கு அப்பால் மேலக்கோட்டையூரில் உள்ளது. ஊர்ப்பெயர் பலகையில் நிற்கின்றது. பணி ஊருக்கு வந்தபாடில்லை.

காஞ்சிக்குச் சீரொளி எதற்கு?

பட்டும் கோவிலும் உள்ள ஊருக்கு ஒளியியல் ஆய்வு எதற்கு என்று கேட்பாரும் உளர். அவர்க்கு விடை கீழடியில் உள்ளது.

இராமன் விளைவு என்பது யாது? ஒரு நிற ஒளி ஒரு பொருளின் மேற் பட்டுச் சிதறும்போது, அதில் ஏறத்தாழ ஒரு கோடியில் ஒரு கூறு மட்டும் நிறம் மாறி வெளிவரும். அம்மாற்றம் அப்பொருளின் மூலக்கூறு இன்னது என்று காட்டிக்கொடுக்கும். பொருளுக்குப் பொருள் கைந்நாட்டுப் போல வேறுபடுவது அது. இராமன் காலத்தில் பாதரசம் எனப்படும் இதள் விளக்கின் ஒளியைப் பயன்படுத்தினர்; அம்மெல்லிய சுவட்டைப் படத்தகட்டிற் பதிக்கப் பல மணிநேரம் காத்திருந்தனர். சீரொளி வந்தபின் அவ்வேலை நொடிகளில் முடிகின்றது.

கீழடி அகழாய்விற் கிடைத்த பானையோடுகள் சிலவற்றின் உட்புறத்திற் கரிய பூச்சு ஒன்று இருந்தது. வேலூர்த் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் அதனை இராமன் நிறமாலையாலும் மின்னணு நுண்ணோக்கியாலும் ஆய்ந்தனர். கண்ணுக்கெட்டாத கரிநுண்குழாய்கள் அதில் இருப்பதை 2020 இல் வெளியிட்டனர். ஈராயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட தமிழன் கைப்பூச்சில் கரிநுண்குழாய்! தமிழரின் தொன்மையை மேடையில் முழங்குவது வேறு. அதனை உலகம் மறுக்கவியலாதவாறு நிறுவுவது வேறு. பின்னதற்குச் சீரொளியும், அதனை இயக்கும் ஆய்வாளனும், அவனுக்கு ஊதியமும் வேண்டும்.

நம் ஊர்க் கயிலாயநாதர் கோவிலுக்கு வாருங்கள். 8 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் எடுப்பித்த அம்மணற்கல் கோவிலின் சிற்றறைகளில் பல்லவர் ஓவியங்களின் எச்சங்கள் உள்ளன. அவ்வண்ணங்கள் எம்மண்ணால், எக்கல்லால், எச்சாற்றால் ஆயவை? ஒரு துளியும் சுரண்டாமற் சீரொளியால் அறியலாம். அறிந்தாலன்றிச் செப்பனிடுதல் இயலாது. அறியாமற் செப்பனிட்டால் அழிவே மிஞ்சும்.

பட்டுக்கு வருவோம். காஞ்சிச் சேலையின் மதிப்பிற் பெரும்பகுதி சரிகையில் உள்ளது. பட்டிழையின் மேல் வெள்ளித் தகட்டிழையைச் சுற்றிப் பொன் முலாம் ஏற்றியது மெய்ச்சரிகை. 1971 இல் தமிழக அரசு காஞ்சியிலேயே சரிகை நிறுவனம் அமைத்தது இம்மெய்ம்மையைக் காக்கவே. இன்று செம்புக் கம்பியும் நெகிழிப் படலமும் மெய்ச்சரிகை வேடம் பூண்டு வருகின்றன. நெசவாளனும் ஏமாறுகின்றான், வாங்குவோனும் ஏமாறுகின்றான். சீரொளித் துடிப்பு ஒன்றைச் சரிகையின் மேற் செலுத்தி நுண்பொறி ஒன்றை எழுப்பினால், அப்பொறியின் நிறமாலை வெள்ளி எவ்வளவு, செம்பு எவ்வளவு, பொன் எவ்வளவு என்று கூறிவிடும். இம்முறையை நெசவாளர் சங்கத்திற்கு ஏற்ற எளிய கருவியாக ஆக்கித் தருவது ஒரு பல்கலைக்கழக ஆய்வாளனின் வாழ்நாட் பணிக்குரிய பொருளன்றோ? அத்தகைய பணியிடம் காஞ்சியில் ஒன்றேனும் உண்டா?

ஆங்கிலமின்றி இயலாதா?

ஒளியியல் உலகப் பொது அறிவு; ஆய்விதழ்கள் ஆங்கிலத்தில் உள்ளன; தமிழைப் புகுத்தினால் நம் பிள்ளைகள் தனித்துப் போவர் என்று சில பேராசிரியர்கள் அஞ்சுகின்றனர். இவ்வச்சத்தை எள்ளி நகையாடுதல் முறையன்று. விடை கூறுதலே முறை.

நீல ஒளி உமிழும் சிறுவிளக்கைக் கண்டமைக்காக 2014 இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற அகசாகி, அமானோ, நாகமுரா மூவரும் சப்பானில் சப்பானிய மொழியிற் பயின்றவர்கள். நகோயாப் பல்கலைக்கழகத்தில் அகசாகி பேராசிரியர். அமானோ அவர் மாணவர். காலியம் நைத்திரைடு என்னும் படிகத்தைச் செம்மையாக வளர்க்க ஆயிரத்துக்கு மேற்பட்ட முறை முயன்று தோற்றபின், 1985 இல் வென்றனர். ஆயிரம் முறை தோற்கும் உரிமையை அவர்க்குத் தந்தது எது? நிலையான பணி. அவர்கள் ஆங்கிலத்திலும் கட்டுரை வெளியிட்டனர், யார் மறுத்தார்? கற்றதும் கற்பித்ததும் ஆய்வகத்திற் கூடிப் பேசியதும் தாய்மொழி. 2008 இல் இயற்பியற் பரிசு பெற்ற மசுக்காவா, சுவீடனில் தம் பரிசுச் சொற்பொழிவையே சப்பானிய மொழியில்தான் ஆற்றினார். சீரொளிக்கு வழிகோலியமைக்காக 1964 இற் பரிசு பெற்ற மூவருள் இருவர் உருசியர்.

தமிழிலேயே இதற்கு முன்னோடி உண்டு. ஈழத்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அமெரிக்கர் சாமுவேல் கிரீன், முதலில் ஆங்கிலத்திற் கற்பித்தார். ஆங்கிலத்திற் கற்றவர் அரசுப் பணி தேடி ஊரை விட்டு அகல்வதைக் கண்டார். 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். தமிழிற் கற்ற மருத்துவர் தம் சிற்றூர்களிலேயே தங்கித் தொழில் செய்தனர். சொல்லும் பணியும் ஓரிடத்திற் கூடியமையால் அம்முயற்சி உயிர்த்தது என்பதை நெஞ்சிற் கொள்க.

எம் பள்ளியின் இயற்பியலாசிரியர் ஒருநாள் வகுப்பில் ஒரு சிறு சீரொளிக் கைவிளக்கைத் தலைமயிர் ஒன்றின் மேற் செலுத்தி, மூன்று மீட்டர் அப்பாலுள்ள சுவரில் வீழ்த்திக் காட்டினார். விளக்கைக் கண்ணில் அடித்தல் கூடாது என்று முன்னரே எச்சரித்திருந்தார். சுவரில் ஒளியும் இருளும் மாறி மாறி வரிசையாகத் தோன்றின. இருளுக்கும் இருளுக்கும் இடை ஏறத்தாழ மூன்று விரற்கடை அகன்றிருந்தது. இழை மெலிய மெலிய அவ்விடை அகலும். அதனை அளந்தே இழையின் பருமனைக் கணக்கிடலாம். அடுத்து ஒரு மெல்லிய பட்டுத் துணியை இடையிற் பிடித்தார். சுவரிற் புள்ளிகள் கட்டம் கட்டமாக விரிந்தன. பாவு ஒரு திசைப் புள்ளிகளையும் ஊடை மறு திசைப் புள்ளிகளையும் தருகின்றன என்று நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் அவர் சொல்லுமுன்னரே சொல்லிவிட்டனர். அவ்வகுப்பு முழுவதும் தமிழில் நடந்தது. ஒரு பிள்ளைக்கும் மொழி தடையாக நிற்கவில்லை. அப்பிள்ளைகளுக்கு மொழி தடையாகும் இடம் பல்கலைக்கழக வாயில்.

செய்ய வேண்டுவன

ஒன்று: மாநிலப் பல்கலைக்கழகங்களில் ஒளியியல், சீரொளி ஆய்வகங்களுக்கு நிலையான பணியிடங்களை அரசு ஒப்பளித்து நிரப்புதல் வேண்டும். பேராசிரியர் மட்டுமல்லர், கருவியைக் காத்து இயக்கும் கைதேர்ந்த பணியாளரும் நிலையானவராக இருத்தல் வேண்டும். கோடிக்கணக்கிற் கருவி வாங்கி, அதனை இயக்குவோனைத் திட்டம் முடிந்ததும் வெளியேற்றுதல், யானையை வாங்கிப் பாகனைத் துரத்துவதொக்கும்.

இரண்டு: ஆய்வு நல்கைக்குரிய அறிவியல் தகுதித்தேர்வின் வினாத்தாள் தமிழிலும் அமைதல் வேண்டும். இந்திக்கு இயன்றது தமிழுக்கு இயலாது என்பதற்கு எக்கரணியமும் இல்லை. தமிழக அரசு இதனை நடுவண் அரசிடம் இரத்தல் வேண்டா. உரிமையாகக் கேட்டல் வேண்டும்.

மூன்று: இயற்பியலில் முனைவர் ஆய்வேட்டைத் தமிழில் எழுத விழைவோர்க்கு எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் வழி திறத்தல் வேண்டும், ஆங்கிலச் சுருக்கம் உடன் அமையலாம். அவ்வாறு எழுதியவர் பணித்தேர்விற் பின்தள்ளப்படாமல் இருக்க மதிப்பெண் முறையையும் மாற்றுதல் வேண்டும். ஆங்கிலத்தில் எழுதுவோரும் தம் ஆய்வைத் தமிழில் ஒரு நூலாகவோ கட்டுரையாகவோ தந்தால், பணி உயர்வில் அதற்கு மதிப்பளித்தல் வேண்டும்.

நான்கு: சரிகை, சாயம், ஓவியம், கல்வெட்டு, ஓலைச்சுவடி ஆகியவற்றை ஒளியியல் முறையால் ஆயும் ஆய்வகம் ஒன்று காஞ்சியில் அமைதல் வேண்டும். அதன் பணியாளரிற் கணிசமானோர் தமிழ்வழி பயின்றோராக இருத்தல் வேண்டும். 2010 ஆம் ஆண்டுச் சட்டத்தின் உயிர் அப்போதுதான் மேற்பணிகளிலும் ஊறும்.

ஐந்து: செல்வரும் தம் பங்கை ஆற்றல் வேண்டும். பட்டு வணிகத்தாற் பெருஞ்செல்வம் திரட்டியோர் காஞ்சியில் பலர் உளர். கோவிலுக்குப் பொற்கவசம் சாற்றுவதை யாம் தடுக்கவில்லை. வங்காளத்து வழக்கறிஞர் ஒருவர் அமைத்த ஒரு பேராசிரியப் பணி உலகப் பரிசைக் கொணர்ந்தது என்பதை மட்டும் நினைவூட்டுகின்றோம். சரிகையால் வாழ்ந்தவர் சரிகையை ஆயும் ஒரு பணிக்கு அறக்கட்டளை வைத்தால், அவர் பெயர் திருமுக்கூடற் கல்வெட்டைப் போல நிற்கும்.

தமிழிளைஞர்களே! சொல்லாக்கம் செய்த நம் முன்னோர் பாதி வேலையை முடித்துத் தந்துவிட்டனர். ஒளியியல், நிறமாலை, சீரொளி, ஒளியிழை என அவர்கள் கோத்துத் தந்த பாவு ஆயத்தமாய் உள்ளது. மீதி வேலை உங்களுடையது. உங்கள் ஊர்ச் சட்டமன்ற உறுப்பினரிடமும் நாடாளுமன்ற உறுப்பினரிடமும் வாக்குக் கேட்டு வருங்காலத்து இவ்வினாவைக் கேளுங்கள்: எங்கள் பிள்ளை சீரொளி ஆய்வு செய்து உண்ண, எங்கள் மண்ணில், எங்கள் மொழியில் எத்தனை பணியிடம் உண்டாக்கினீர்? எண்ணிக்கையைச் சொல்லாதவன் தமிழ் வாழ்க என்று எத்துணை உரக்க முழங்கினும் அவன் முழக்கத்தை நம்பற்க.

சொல்லைக் காத்தோம். இனிச் சொல்லுக்குச் சோறளிப்போம்.